முப்பது ஆண்டுகள், ஏழு தொகுப்புகள்: ‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழுவின் ஒலிப்பதிவு வரலாறு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

முன்னுரை

பாட்டுக் கேட்பது இன்று மிக எளிதாகிவிட்டது. கைப்பேசியைத் தொட்டால் போதும், உலகின் எந்த மூலையில் பிறந்த பாட்டும் நம் காதருகே வந்து நிற்கிறது. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர் யார், எத்தனை பேர் கூடி எத்தனை நாள் உழைத்து அதைப் பதிவு செய்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. “பாட்டு நன்றாயிருக்கிறது” என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது!

நம் தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே பெரும்பாலும் திரைப்பாட்டுத்தான். திரைப்படத்தை நம்பி இராமல், தாமே மெட்டமைத்து, தாமே வாசித்து, தாமே பாடும் குழுக்கள் மேல்நாடுகளில் ஏராளம். இலண்டனில் 1962-இல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ தோன்றியது. செர்பிய நாட்டின் தலைநகரான பெல்கிரேடில் 1970-இல் தோன்றிய ‘யூ குரூப்பா’ என்னும் குழு அரை நூற்றாண்டைக் கண்டது. நம் நாட்டிலும் அவ்வாறு நெடுங்காலம் நிலைத்த குழு உண்டா என்று தேடினால், முதலில் நிற்பவற்றுள் ஒன்று டெல்லியில் 1990-இல் உருவான ‘இந்தியன் ஓஷன்’. இந்தியப் பெருங்கடல் என்பது அதன் பொருள்.

இக்குழுவின் தொகுப்புகளை முதலிலிருந்து வரிசையாக நாங்கள் சில தோழியர் கூடிக் கேட்டோம். எங்களுள் இந்தி அறிந்தவர் இருவரே. ஆயினும் கேட்கக் கேட்க எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. முதன்மையாகப் பாடியவரே மறைந்துவிட்டால், அந்தக் குழு அதே குழுவாக இருக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை அவர்களுடைய ஒலிப்பதிவுகளிலேயே இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

ராக் இசையும் இந்தியன் ஓஷனும்

‘ராக்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் சிலர் காதைப் பொத்திக்கொள்வர். இது 1950-களில் அமெரிக்காவில் வளர்ந்த இசை. கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாட்டும், நாட்டுப்புறத்தாரின் ‘கண்ட்ரி’ பாட்டும் கலந்து பிறந்தது. மின்கித்தார், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கித்தார், டிரம்ஸ் ஆகிய மூன்றும் அதன் தூண்கள் எனலாம்.

இந்தியன் ஓஷனில் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே தபலா ஒலிக்கும். பேஸ் கித்தாரின் மேல் இந்துஸ்தானி இராகத்தின் சாயல் மிதந்து வரும். வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நரம்பை மீட்டும் ‘கப்குபி’ என்னும் சிறு கருவியும் இடையே பேசும். மேல்நாட்டுக் குழுக்களைப் பார்த்து அப்படியே பாடுவோர் பலர் இருந்த காலத்தில், நம் மண்ணின் ஓசையை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள். இதுவே இக்குழுவின் தனிச்சிறப்பு.

ஒலிநாடாக் காலம்

கித்தார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடும் அசீம் சக்ரவர்த்தியும் 1980-களில் சந்தித்து நண்பராயினர். அவர்களின் முயற்சியால் 1990-இல் குழு பிறந்தது. ராகுல் ராம் 1991-இல் பேஸ் கித்தார் வாசிக்க வந்து சேர்ந்தார். இவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நர்மதைப் பள்ளத்தாக்கில் அணையால் நிலம் இழக்கும் மக்களுக்காக நடந்த இயக்கத்தில் உழைத்தவர். 1994-இல் அமித் கிலாம் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். இந்த நால்வரும்தான் பின்னர் பதினைந்து ஆண்டுகள் ஒன்றாக இசைத்தவர்கள்.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பை 1993-இல் எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்டது. அக்காலம் ஒலிநாடாக் காலம். ஒரு பக்கம் முடிந்ததும் நாடாவைத் திருப்பிப் போடவேண்டும். நாடா தளர்ந்து சிக்கிக்கொண்டால் பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றுவார்கள் என்று எங்கள் அன்னையர் சொல்லிச் சிரிப்பர். அந்நாளில் ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று மனம் வைத்தால்தான் பாட்டுக் கடைக்கு வரும். திரைப்பாட்டு அன்றி வேறு பாட்டு விற்குமா என்று ஐயுற்ற காலத்தில் இத்தொகுப்பு வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திறந்தவெளியில் ஒரு பதிவு

இரண்டாம் தொகுப்பு ‘டெசர்ட் ரெய்ன்’, அதாவது பாலை மழை, 1997-இல் வந்தது. இது ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானதன்று. தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக டெல்லியில் நடந்த நிகழ்ச்சியில், மக்கள் முன்னிலையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்த தொகுப்பு இது.

இங்கே ஒலிப்பதிவின் முறையைச் சிறிது விளக்குவது பொருத்தமாகும். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனி வரியாகப் பதிவு செய்யலாம். இன்று தபலா, நாளை கித்தார், அதற்கு மறுநாள் குரல் என்று பிரித்து வாசிக்கலாம். ஒரு சுரம் பிசகினால் அந்த இடத்தை மட்டும் மீண்டும் வாசித்து ஒட்டலாம். முடிவில் எந்த வரி ஓங்க வேண்டும், எது தணிய வேண்டும் என்று அளந்து கலப்பர். நேரடிப் பதிவிலோ இந்த வசதிகள் இல்லை. வாசித்தது வாசித்ததுதான். தேர்வு மண்டபத்தில் ஒருமுறை எழுதிக் கொடுத்த விடைத்தாளைப் போன்றது அது! அங்கே ஒருவர் வாசிப்பை மற்றவர் கூர்ந்து கேட்டாலன்றிப் பாட்டு நிற்காது. டெசர்ட் ரெய்ன் தொகுப்பைக் கேட்கும்போது, நால்வரும் ஒருவர்க்கொருவர் இடம் விட்டு வாசிப்பதை நாம் நன்கு உணரலாம்.

பரங்கிமலையை நினைவூட்டும் பாட்டு

இக்குழுவை நாடறியச் செய்தது 2000-ஆம் ஆண்டில் டைம்ஸ் மியூசிக் வெளியிட்ட ‘கந்தீசா’ என்னும் தொகுப்பு. அதில் உள்ளவை ஏழே பாட்டுகள். அவற்றுள் ‘மா ரேவா’ என்பது நர்மதைக் கரையில் வாழும் மக்களின் பாட்டு. ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். ‘ஹில்லே லே’ என்பது கோரக் பாண்டே என்னும் கவிஞர் உழைப்பாளிகளுக்காக எழுதியது.

தலைப்புப் பாட்டாகிய ‘கந்தீசா’ நம் மனத்திற்கு மிக நெருக்கமானது. இது இந்திப் பாட்டு என்று எண்ணிக் கேட்ட நாங்கள், இதன் மொழி சிரியாக் என்று அறிந்தபோது வியந்து போனோம். சிரியாக் என்பது நம் ஆண்டவர் இயேசு பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. கந்தீசா என்றால் ‘தூயவர்’ என்று பொருள். புனித தோமையாரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறும் கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்கள் இந்த வேண்டுதலைப் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வழிபாட்டில் பாடி வருகின்றனர். கடவுளைத் தூயவர், வல்லவர், இறவாதவர் என்று மூன்று முறை அழைத்து இரக்கம் கேட்பதே இதன் பொருள். இறை இரக்கத்தின் செபமாலையை நாம் முடிக்கும்போது மும்முறை சொல்லும் மன்றாட்டும் இதே பழைய வேண்டுதலின் வழிவந்ததுதான். அதை அறிந்தபின் அந்தப் பாட்டு எங்களுக்கு அயலாகத் தோன்றவில்லை.

நம் மேடவாக்கத்திலிருந்து நேரே செல்லும் சாலை முடியும் இடம் பரங்கிமலை. தோமையார் உயிர் துறந்த இடம் அதுவே என்பது மரபு. மலைமேல் உள்ள ஆலயத்தின் பழைய கற்சிலுவையைச் சுற்றிப் பகலவி என்னும் பாரசீக எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. கீழைநாட்டுத் திருச்சபைகளோடு உறவு கொண்டோர் ஒரு காலத்தில் இங்கும் வாழ்ந்தனர் என்பதற்கு அக்கல்லே சான்று. கல்லில் செதுக்கிய எழுத்தும், நாவில் தங்கிய பாட்டும் ஆகிய இரண்டுமே ஒருவகைப் பதிவுகள்தாம் அன்றோ?

டெல்லிக் குழுவினர் இப்பாட்டை விளையாட்டாக எடுத்தாளவில்லை. மெல்லிய குரலில் தொடங்கி, போகப் போகக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழ, டிரம்ஸும் சேர்ந்து முழங்க, முடிவில் அது பெரியதொரு கூட்டு வேண்டுதலாகவே ஆகிவிடுகிறது.

கபீரும் திரைப்படமும்

2003-இல் வந்த தொகுப்பு ‘ஜீனி’. மெல்லியது, நுண்ணியது என்பது இச்சொல்லின் பொருள். காசியில் தறி நெய்து வாழ்ந்த ஞானி கபீர்தாசர், மனித உடலை இறைவன் நெய்த மெல்லிய ஆடையாகக் கண்டு பாடினார். அந்தப் பாட்டுக்கே இவர்கள் புதிய இசை அமைத்தனர். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சியின் அருகே வாழும் நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும்.

அடுத்து, 1993-ஆம் ஆண்டின் பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் இயக்கிய ‘பிளாக் ஃபிரைடே’ படத்திற்கு இசையமைத்தனர். நீதிமன்றத் தடையால் அப்படம் 2007-இல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. படம் காத்திருந்த காலத்திலேயே, பியூஷ் மிஸ்ரா எழுதிய ‘பந்தே’ என்னும் அதன் பாட்டு இளைஞரிடையே பரவிவிட்டது. படத்தில் இசை என்ற இடத்தில் தனியொருவர் பெயர் இல்லை. குழுவின் பெயரே உள்ளது. நால்வரும் சேர்ந்து செய்ததற்கு நால்வருக்கும் ஒரே பெயர். இது சிறிய செய்திபோல் தோன்றினும், பின்னால் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

ஒரு குரல் ஓய்ந்தது

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25. உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்நாளில் அசீம் சக்ரவர்த்தி இதய நோயால் காலமானார். கந்தீசாவில் நாம் கேட்கும் உருக்கமான குரல் அவருடையதே. அவர் குழுவைத் தொடங்கிய இருவருள் ஒருவர். தபலாவும் குரலும் ஒருசேர ஓய்ந்தன.

ஆனால் அதற்கு முன்பே அவர் குரலில் ஒரு தொகுப்பின் பாட்டுகள் பதிவாகியிருந்தன. டெல்லி கரோல்பாக்கில் ஒரு பழைய வீட்டில் குழுவினர் பல ஆண்டுகள் பயிற்சி செய்து வந்தனர். அந்த வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி, ‘16/330 கஜூர் ரோடு’ என்ற பெயரில் அத்தொகுப்பை 2010-இல் வெளியிடத் தொடங்கினர். வெளியிட்ட முறைதான் புதுமை. கடையில் விற்கவில்லை. மாதம் ஒரு பாட்டாக, ஏழு பாட்டுகளையும் இணையம் வழியே இலவசமாகக் கொடுத்தனர்!

இது நட்டமன்றோ என்று நாங்கள் முதலில் எண்ணினோம். சிந்தித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. அந்நாளில் ஒலிநாடா மறைந்துவிட்டது. குறுந்தகடும் மறைந்து வந்தது. காசு கொடுக்காமல் படியெடுத்துக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. தொகுப்பு விற்பனையைவிட மேடைக் கச்சேரியே இத்தகைய குழுக்களுக்குச் சோறு போட்டது. பாட்டைக் கேட்டவர் மிகுந்தால் கச்சேரிக்கு வருவோரும் மிகுவர். மேலும், அசீமின் கடைசிப் பாட்டுகளுக்கும் கேட்பவருக்கும் நடுவே விலைச்சீட்டு ஒன்று தொங்காமல் இருந்ததே அவருக்குச் செய்த தக்க அஞ்சலி என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

குழு மாறியது, பெயர் நின்றது

அசீம் ஒருவர் செய்த பணிக்கு இருவர் வரவேண்டியிருந்தது. பாட ஹிமான்ஷு ஜோஷியும், தபலாவுக்குத் துஹின் சக்ரவர்த்தியும் வந்தனர். 2013-இல் குழுவைத் தொடங்கிய மற்றொருவரான சுஸ்மித் சென்னும் தனிவழியே செல்ல விலகினார். அவர் இடத்திற்கு நிகில் ராவ் வந்தார். தொடங்கிய இருவரும் இல்லை. இனி இது பெயரளவில்தான் இந்தியன் ஓஷன் என்று சொன்னவரும் இருந்திருப்பர்.

2014-இல் வந்த ‘தந்தானு’ என்னும் தொகுப்பில் குழுவினர் கதவை அகலத் திறந்து விருந்தினரை அழைத்தனர். பாடகர்களுள் சுபா முத்கல், சங்கர் மகாதேவன் ஆகியோரும், கருவி இசைஞர்களுள் விசுவமோகன் பட்டும் வந்து கலந்தனர். நம் பக்கத்திலிருந்து வயலின் கலைஞர் குமரேஷும், விக்கு விநாயக்ராமின் மகனான கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் கலந்துகொண்டனர் என்பது நமக்குப் பெருமை. அத்தொகுப்பின் பெயரைக் கேட்டாலே நம் கும்மிப்பாட்டின் ‘தந்தானே’ நினைவுக்கு வருகிறது.

2015-இல் காசி நகரைக் களமாகக் கொண்ட ‘மசான்’ படத்திற்கு இசையமைத்தனர். பின்னர் ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப்பின், 2023-இல் ‘தூ ஹை’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். ‘நீ இருக்கிறாய்’ என்பது அதன் பொருள். 1993 முதல் 2023 வரை முப்பது ஆண்டுகளில், திரைப்படங்கள் நீங்கலாக, முதன்மையான தொகுப்புகள் ஏழே. ஓராண்டில் ஏழு படங்களுக்கு இசையமைப்போர் வாழும் நாட்டில் இது மிகக் குறைவு. ஆயினும் அவசரமாகச் செய்த ஒன்று இந்த ஏழில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

கேள்விக்கு விடை

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். முதன்மைக் குரல் மறைந்தபின் அது அதே குழுவா?

எங்களுள் சிலர் “இல்லை” என்றனர். அசீமின் குரலுக்கு ஈடாக எதுவும் வரவில்லை என்பது அவர்கள் வாதம். அதை முற்றிலும் மறுக்க முடியாது. 2010-க்கு முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது. வேறு சிலர், ஆற்றில் நேற்று ஓடிய நீர் இன்று இல்லை. எனினும் நர்மதை நர்மதைதானே என்றனர்.

நெடுநேரம் பேசியபின் நாங்கள் கண்ட முடிவு இதுதான். இக்குழுவின் சிறந்த பாட்டுகள் தொடக்கம் முதலே தனியொருவர் சொத்தாக இருந்ததில்லை. நர்மதைக் கரையினர் பாட்டு, கபீரின் பாட்டு, கேரளத்துக் கிறிஸ்தவர்களின் வேண்டுதல் ஆகிய யாவும் பலர் வாய்வழி வந்தவை. இவர்கள் அவற்றைச் சில காலம் சுமந்து அடுத்தவரிடம் கொடுத்தனர். சுமந்தவருள் ஒருவர் இறங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவர் தோள் கொடுக்கிறார். கந்தீசாவை முதன்முதல் பாடியவர் யாரென்று உலகம் அறியாது. ஆயினும் அந்த வேண்டுதல் இன்றும் ஒலிக்கிறது.

அதே வேளையில், மாறிப்போன குரலையும் காத்து வைப்பது ஒலிப்பதிவு ஒன்றே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021-இல் காலமானார். 2023-இல் அக்குழு வெளியிட்ட தொகுப்பின் இரு பாட்டுகளில் அவர் முன்பே வாசித்து வைத்த தாளம் ஒலிக்கிறது. பாட்டை வாழச் செய்வது குழு. பாடியவரை மறவாமல் வைப்பது பதிவு. இரண்டும் வேண்டும்.

முடிவுரை

இவ்வாண்டு இறுதியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் எங்களுள் பலர் வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரிந்து செல்வோம். நம் பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடும் வரிசையில் பாதிக்குமேல் நாங்கள்தான். அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவில் அந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் நிற்பர். தொடக்கத்தில் சுருதி சற்று இறங்கலாம். அதற்காகத் தங்கைகள் அஞ்ச வேண்டா. அசீமின் இடத்திற்கு ஹிமான்ஷு வந்ததை எண்ணிக்கொள்ளுங்கள்!

நாம் அனைவரும் செய்யத்தக்க செயல் ஒன்றும் உண்டு. மேடவாக்கத்தைச் சுற்றி வயல்கள் இருந்த நாளில் நடவுப் பாட்டுப் பாடிய மூதாட்டியர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தாலாட்டும், கும்மியும், பழைய வியாகுலப் பாடல்களும் அறிந்த பாட்டிமார் நம் வீடுகளிலேயே இருக்கலாம். ஒலிப்பதிவுக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலைச் சாத்தி, கைப்பேசியைப் பாட்டியின் அருகே ஒரு துணியின்மேல் வைத்து, பாடச் சொல்லிக் கேளுங்கள். முடிவில் அவர் பெயர், ஊர், நாள், பாட்டை யாரிடம் கற்றார் என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். இடையில் இருமினாலும், அடி மறந்து நின்றாலும் அழித்துவிட வேண்டா. அதுவே நேரடிப் பதிவின் அழகு.

பெற்றோரே, இந்த விடுமுறையில் இதற்கென ஒரு மாலைப் பொழுதை எங்களுக்குத் தாருங்கள். தோழியரே, பதிவு செய்த பாட்டை நீங்களும் ஒருமுறை பாடிப் பழகுங்கள். அப்போதுதான் அது கைப்பேசியிலிருந்து மீண்டும் நாவுக்கு வரும்.